ரேடியேட்டரின் கீழ்க்குழாய்

மாடி ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தொழிற்சாலையில்தான்
அந்த வண்டியைச் செய்தார்கள், எண்பத்து நான்கில்.
கீழ்க்குழாய் மட்டும் வேண்டும் என்று
கடையில் போய்க் கேட்டாள் மிசாவோ.
பையன் எண்ணைத் தட்டிப் பார்த்தான், எழுந்தான்,
இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டான்.
உற்பத்தி நிறுத்தி இருபத்தொரு வருடம்.
அவனுக்கும் அதே வயதுதான் இருக்கும்.

நேரான குழாய் எங்கும் கிடைக்கிறது,
மீட்டர் கணக்கில், மலிவாக.
நேராக இருந்து என்ன பிரயோஜனம்?
ரேடியேட்டருக்கு அடியில் கிளம்பி
ஃபிரேமுக்கு இடப்பக்கம் ஒதுங்கி
சைலன்சர் சூட்டுக்கு இரண்டு விரல் எட்ட நின்று
பம்புக்குள் ஏறவேண்டும் தண்ணீர்.

பழைய குழாய் மேஜைமேல் கிடக்கிறது.
விரலால் அழுத்தினால் வறட்டி போல விள்கிறது.
வளைவை மட்டும் இன்னும் விடவில்லை.

பகலெல்லாம் அவள் பல்செட் செய்கிறவள்.
ஊரில் பாதிப் பேர் சிரிக்கும்போது
அவளுக்குத் தன் கைவேலை தெரியும்.
கம்பி வளைப்பது புதிதல்ல.
போன்சாய்க் கிளைகளைக் கட்டுகிற அலுமினியக் கம்பி,
நாலு இழை முறுக்கி உள்ளே செருகி,
மிச்ச இடத்தில் கல்லுப்பு திணித்து,
இரண்டு வாயிலும் தக்கை அடித்து,
பழையதன் மேல் வைத்து வைத்துப் பார்த்து வளைத்தாள்.

முதல் குழாய் முழங்கை மடிப்பில் நசுங்கியது.
உப்பு போதவில்லை.

இரண்டாவதை அவனில் விட்டுவிட்டு
போனை எடுக்கப் போனாள்.
டயர் எரிக்கிறாயா என்று
குளித்த ஈரத்தோடு ஓடிவந்தார் குனிஹிக்கோ.
மூன்று நாள் ரொட்டியில் அந்த வாசம்.
நாலாம் நாள் அவரே போய்
சின்னதாக ஓர் அவன் வாங்கிவந்து
ஒன்றும் சொல்லாமல் கொட்டகையில் வைத்தார்.

மூன்றாவது, நூற்றைம்பது டிகிரியில் ஒரு மணி நேரம்.
அப்படியே குளிர்ந்த நீரில்.
கம்பியை உருவி, உப்பைக் கொட்டி
ஏழு தடவை அலசினாள்.
உப்பு போய்விட்டதா என்று
நாக்கு நுனியை வைத்துப் பார்த்தாள்.
ரப்பர் மட்டும்தான் கரித்தது.

காலையில் பார்த்தால்
விரல் அகலத்துக்கு விரிந்திருக்கிறது வளைவு.
நிமிர்த்த முடியாத நாய்வாலைக் கேள்விப்பட்டிருக்கிறோம்,
இது மடக்க முடியாத நாய்வால்.
நாலாவதை
வேண்டியதற்கு மேல் வளைத்தாள்,
பார்க்கச் சகிக்காத அளவுக்கு.
பொழுது விடிந்தபோது
அது தானாகத் தளர்ந்து
சரியான இடத்தில் வந்து நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹமனா ஏரிக்கரை.
முப்பது கிலோமீட்டரில் பச்சைச் சொட்டு,
ஒன்று, அப்புறம் பூட்ஸ் மேல் இன்னொன்று.
விலாங்குமீன் கடை வாசலில் நிறுத்திக் குத்துக்காலிட்டாள்.
குழாயில் குற்றமில்லை.
கிளாம்ப் அரைத்திருகு தளர்ந்திருக்கிறது,
தானே முடுக்கியது.

ஆறட்டும் என்று நாற்பது நிமிடம்.
தொட்டியில் விலாங்குகள்
ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி
நினைத்த வளைவெல்லாம் எடுத்தன,
எதையும் வைத்துக்கொள்ளவில்லை.
கடைக்காரர் கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்,
வண்டிக்கா உனக்கா என்று கேட்டார்.
இரண்டுக்கும் போதும் என்றாள்.

முடுக்கினாள். ஊற்றினாள். மிச்சத்தைக் குடித்தாள்.
கிளம்புமுன் கையுறையைக் கழற்றி
இஞ்சினுக்கடியில் விரல் விட்டுத் தடவினாள்.
சூடு. ஈரமில்லை.

இனி மேல்குழாய்.
அதில் மூன்று வளைவு.